முள் சரியாகத்தான் இருந்தது

முள்ளுக்காரர் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தாலும் நுனியில்தான். அதுவும் ஒரு காலை எழுந்து போவதற்குத் தயாராக முன்னால் நீட்டி வைத்திருப்பார். டீயைக் குடித்துக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே உங்களைத் தாண்டிப் போய்விடுவார். மீதிப் பேச்சை அவர் முதுகிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். "காலுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்த மனுஷன்" என்பார் அவர் மனைவி. அதில் பாதி அலுப்பு, பாதி பெருமை.

வேலையும் அப்படிப்பட்ட வேலைதான். ஓட்டல் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் பாய்லர் அவர் பொறுப்பு. துவைக்கிற மிஷினுக்குச் சுடுதண்ணீர், காய வைக்கிற மிஷினுக்குச் சூடு, இஸ்திரி உருளைக்கு ஆவி, எல்லாம் அவர் அறையிலிருந்துதான் குழாய் வழியாகப் போக வேண்டும். அந்த அறைக்கும் இஸ்திரிக் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம், ஈர விரிப்பின் ஓரத்தை நீவி உருளைக்குள் விட்டுக்கொண்டு அவர் மனைவி. கல்யாணமானதிலிருந்து அவர் வேலை நேரமெல்லாம் இப்படித்தான் ஒன்றாக இருக்கிறார்கள். நடுவில் சுவர் இருப்பதால்தான் குடும்பம் ஓடுகிறது என்று மனைவி சொல்வதுண்டு.

முள்ளுக்காரர் என்ற பெயர் அந்த அறையில் இருக்கும் பிரஷர் மீட்டரால் வந்தது. பாய்லருக்கு முன்னால் ஆள் உயரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு கறுப்பு முள், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. முள் அந்தக் கோட்டை நெருங்கவும் கூடாது, உருளை ஆறிப்போகிற அளவுக்கு இறங்கவும் கூடாது. நெருப்பைக் கூட்டுவார், குறைப்பார், அவசரமென்றால் வால்வைத் திறந்து ஆவியை வெளியே விடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்கு அவரைத்தான் காட்ட வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நேரமாயிடுச்சா?" என்று பக்கத்து ஆள் கேட்க, "இல்ல, முள்ளு ஏறுது" என்றாராம். இந்தக் கதையைப் பரப்பியவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. மதியத்துக்கு மேல் அதே பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்குச் சிரிப்பு அடங்காது.

சலவைக் கூடத்துக்கு வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர் ஒருவர் வந்து எல்லாரையும் சோதித்துப் பார்ப்பார். பாய்லர்க்காரர்களுக்கு அந்தச் சோதனை கட்டாயம். அப்படி ஒரு வருஷம் முள்ளுக்காரரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த டாக்டர், மறுபடியும் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பிரஷர் இருக்கு" என்றார்.

"எனக்கா? பிரஷரை ஊருக்கெல்லாம் குடுக்கிறவனே நான்தான் சார். எனக்கு யாரு குடுத்தா?"

டாக்டர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். புரியாமல் தலையாட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு மனசு கேட்காது. ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலை வைத்தே விளக்கிவிட வேண்டும் அவருக்கு. "அப்ப உங்களுக்குச் சொல்றது ரொம்ப சுலபம். உங்க ஒடம்பும் உங்க பாய்லர் மாதிரிதான். உள்ள அழுத்தம் ஏறிட்டா ஆபத்து. இந்த மாத்திரை அதைக் கொறைக்கும். தினமும் காலைல ஒண்ணு, விடாம போடணும். புரியுதா?"

"இதுல புரியாம போறதுக்கு என்ன சார் இருக்கு!"

அங்கேதான் வந்தது வினை. ஒன்றும் புரியாதவராக இருந்திருந்தால் டாக்டர் சொல்லிவிட்டாரே என்று தினமும் ஒன்றை முழுங்கியிருப்பார். இவருக்கோ டாக்டர் சொன்னதைவிட அதிகமாகப் புரிந்துவிட்டது.

முதலில் ஒழுங்காகத்தான் போட்டார். போட்ட சில நாளிலேயே, பாய்லர் அறை இரும்பு ஏணியில் ஏறும்போது தலை லேசாகக் கிறுகிறுத்தது. வேறு யாராவது என்றால் டாக்டரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள். இவர் யோசித்தார். அழுத்தம் சரியாக இருக்கும்போதே வால்வைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஆவி வீணாகும், உருளை ஆறிப்போகும், வேலை நின்றுபோகும். தனக்கு நடப்பது அதுதான் என்று முடிவு கட்டினார். தினமும் ஒன்று என்று டாக்டர் சொன்னது மீட்டர் இல்லாதவர்களுக்குச் சொன்னது. மீட்டர் இல்லாதவன் குருட்டாம்போக்கில் தினமும் திறந்துவிட்டுத்தான் ஆக வேண்டும். தனக்கு என்ன தலையெழுத்து?

மருந்துக் கடையில் ஒரு பிரஷர் மிஷின் வாங்கிவந்தார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். எண் கூடுதலாக இருந்தால் மாத்திரை. இல்லையென்றால் இல்லை. அவர் மனசில் இது டாக்டர் சொல்லை மீறுவதே அல்ல. டாக்டரே சொல்லத் தெரியாமல் விட்டதைச் செய்வது.

அதிலும் ஒரு தொழில் பழக்கம் புகுந்துகொண்டது. பழைய மீட்டர்களில் முள் சில நேரம் ஒட்டிக்கொள்ளும். விரலால் கண்ணாடியைத் தட்டினால் விட்டுக்கொடுத்துச் சரியான இடத்துக்கு வந்து நிற்கும். வீட்டு மிஷின் பெரிய எண்ணைக் காட்டினால் அவர் அதை நம்பமாட்டார். பட்டையைக் கழற்றி, உதறி, மறுபடி கட்டிப் பார்ப்பார். அப்போதும் இறங்காவிட்டால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, அவருக்குக் கொஞ்சமும் வராத அந்த வேலையை, அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதைச் செய்துவிட்டு இன்னொரு தடவை பார்ப்பார். எண் இறங்கி வரும்வரை தட்டிப் பார்ப்பதுதான் இது. இறங்கியதும், "இப்பதான் சரியா காட்டுது" என்பார். அடுப்படியிலிருந்து இதைப் பார்க்கிற மனைவிக்கோ பெருமை பிடிபடாது. "எங்க வீட்டுல பாருங்க, ஒரு நாள் தவறாம பிரஷர் பாக்கிறாரு" என்று இஸ்திரிக் கூடத்தில் சொல்லிக்கொள்வார். பார்ப்பது வேறு, போடுவது வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? மிஞ்சிய மாத்திரை அட்டைகளை முள்ளுக்காரர் ஒளித்து வைக்கவும் இல்லை. உபரிச் சாமான்களோடு சாமானாக டூல்ஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

மாத்திரை வாங்கப் போகும்போது கிளினிக்கில் நர்ஸ் கேட்பார், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஒழுங்காதான் சாப்பிடுறேன்."

அது அவரைப் பொறுத்தவரை பொய்யே இல்லை. கிளினிக் போகிற காலையில் படபடப்பில் எண் ஏறித்தான் இருக்கும், அன்றைக்கு மாத்திரை போட்டிருப்பார், அதற்கு முந்தின நாளும் போட்டிருப்பார். நர்ஸ் பார்க்கும்போது எண் பாந்தமாக இருக்கும். "நல்லா இருக்கு, இப்படியே இருங்க" என்பார் நர்ஸ். இவரும் இப்படியே இருந்தார். ஆனால் மனிதருக்கு உண்மையில் அழுத்தம் ஏறுவது நெருப்புக்கு முன்னால் வேர்த்து வடிய மேலும் கீழும் ஓடுகிற நேரத்தில், யாராவது ஒரு குழாயைச் சரியாக மூடாமல் போனால் வருகிற கோபத்தில். அந்த நேரத்தில் அவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

அந்தக் காலத்தில்தான் மச்சினனோடு அந்தப் பெரிய சண்டை நடந்தது. பாய்லருக்குப் போகிற தண்ணீரில் தினமும் ஒரு பொடியைக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் தண்ணீரில் இருக்கும் உப்பு சூட்டில் பிரிந்து குழாயின் உள்பக்கத்தில் ஒட்டும். ஒட்டி ஒட்டிக் கல்லாகும். அலமாரியில் அவர் ஒரு பழைய குழாய்த் துண்டை வைத்திருந்தார், முன்பொரு முறை பாய்லரைப் பிரித்தபோது அறுத்தெடுத்தது. வெளியே பார்த்தால் கைக்குள் அடங்காத பருமன். உள்ளே சுண்டுவிரல்கூட நுழையாது. ஒரு நாள் பொடி டப்பாவைத் திறந்து பார்த்தவருக்கு, மச்சினன் தன் முறையில் பொடி போடுவதில்லை என்று தெரிந்துவிட்டது.

"ஏன் மாப்ளே போடல?"

"முள்ளு சரியாதானே மாமா நிக்குது. எதுக்கு வீணா கொட்டணும்?"

அவ்வளவுதான். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. குழாய்த் துண்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தக் குழாய் உள்ள இருந்த வரைக்கும் முள்ளு ஒரு நாளாவது தப்பா காட்டிச்சா? உப்புப் பிடிக்கிறது முள்ளுக்குத் தெரியுமாடா? முள்ளுல தெரியும்போது குழாயே போயிருக்கும்! நல்லா இருக்கும்போதே போடுறதுக்குப் பேருதான்டா பொடி. கெட்டப்புறம் போட்டா அது எதுக்கு, பொணத்துக்குப் பவுடர் பூசறதுக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கம் உருளைகளின் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனைவிக்குத் தம்பியை நினைத்துப் பாவமாக இருந்தது. பொடி என்றாலே அவருக்கு அந்தச் சத்தம் காதில் கேட்கிற அளவுக்கு அது பதிந்துபோயிற்று.

அதற்கப்புறம் ஒரு காலையில் முள்ளுக்காரர் வந்து பாய்லர் முன்னால் நின்றபோது, மீட்டர் கண்ணாடியில் முள்ளின் நுனிமேல் ஒரு அழுக்கு தெரிந்தது. தோளில் கிடந்த துணியால் துடைத்தார். போகவில்லை. துணியை நனைத்துத் துடைத்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். உள்பக்கம் ஆவி கோத்திருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தார். நகர்ந்து பார்த்தால் அழுக்கும் கூடவே நகர்ந்தது. மதியம் மச்சினன் வந்ததும், "மீட்டரை எங்கயாவது இடிச்சியாடா?" என்று பிடித்துக்கொண்டார்.

"நான் ஏன் மாமா அதை இடிக்கிறேன்? தெளிவாதானே இருக்கு."

"உனக்கு எல்லாமே தெளிவாதான் இருக்கும்."

மேனேஜரிடம் போய் மீட்டர் கெட்டுவிட்டது, புதுசு வேண்டும் என்று நச்சரித்தார். முள்ளுக்காரர் கேட்டு மீட்டர் விஷயத்தில் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? புது மீட்டர் வந்தது. தன் கையாலேயே மாட்டினார். விலகி நின்று பார்த்தார். பளபளவென்று புதுக் கண்ணாடி, புது முள், அதன் நுனிமேல் அதே அழுக்கு.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏணியில் ஏறினார், இறங்கினார். வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு இஸ்திரிக் கூடத்துக்குப் போய், கை வேலையாக இருந்த மனைவியை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

"இதுல முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லு."

"இதுக்கா கூப்பிட்டீங்க? சிவப்புக் கோட்டுக்கு ரெண்டு கட்டம் கீழ. ஏன்?"

"கண்ணாடி தெளிவா இருக்கா?"

"புதுசுதானே மாட்டியிருக்கீங்க. பளிங்கு மாதிரிதான் இருக்கு."

மனைவி சிரித்துக்கொண்டே போய்விட்டார். முள்ளுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு இடது கண்ணைக் கையால் மூடினார். அழுக்கு பெரிதாக, நடுவில் வந்து நின்றது. வலது கண்ணை மூடினார். அழுக்கே இல்லை. கெட்டது மீட்டர் இல்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. வருஷச் சோதனையில் கண்ணையும் பார்ப்பார்கள். கண் தெரியாதவன் கையில் பாய்லரை யார் கொடுப்பார்கள்? பாய்லர் இல்லாத தான் என்ன ஆவோம் என்று அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வாழ்நாளெல்லாம் அந்த அறையைத் தவிர வேறெங்கும் அவருக்குக் கால் நின்றதில்லை. முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணால் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டார். வீட்டில் பிரஷர் மிஷினின் எண்ணையும் அப்படியே சாய்ந்து பார்த்தார். கண்ணுக்கும் பிரஷருக்கும் முடிச்சுப் போடத்தான் தோன்றவில்லை. சோறு இறங்கவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்பதும் நினைவுக்கு வந்தது. காலையில் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். காலையானதும் வாய் வராது.

ஒரு நாள் துணி மலையாகக் குவிந்துவிட்டது. நெருப்பைக் கூட்டிவிட்டு அவசரத்தில் நேராக ஒரு பார்வை பார்த்தார். முள் கீழேதான் இருப்பதாகப் பட்டது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். திடீரென்று பாய்லர் உச்சியில் இருந்த பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்துகொண்டு காது கிழிகிற மாதிரி அலறியது. அறை முழுக்க வெள்ளை ஆவி. ஓடிப்போய் நெருப்பைத் தணித்தார். அந்த வால்வு தன் வேலையைச் செய்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும்.

இஸ்திரிக் கூடத்தில் எல்லாரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். அவர் மனைவி மட்டும் எதிர்ப் பக்கமாக, பாய்லர் அறைக்கு ஓடிவந்தார். ஆவி கலைந்தபோது கணவர் மீட்டருக்கு முன்னால் கழுத்தைத் திருப்பிச் சாய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். கொஞ்ச நாளாகவே சாப்பாட்டுத் தட்டையும், படியையும், தன் முகத்தையும்கூட அவர் இப்படிப் பார்ப்பது அப்போதுதான் மனைவிக்கு உறைத்தது.

"எந்தக் கண்ணு?" என்றார்.

முள்ளுக்காரர் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். அதற்குமேல் மறைக்க அவரிடம் தெம்பு இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அவருக்கா காத்திருக்க வரும்? மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா விளக்கடித்து உள்ளே பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு கசிந்திருக்கிறது என்றார். ஊசி போட்டால் ஓரளவு தெளியும், பழையபடி முழுசாக வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

"பிரஷர் இருக்கா உங்களுக்கு?"

"இருக்குங்க."

"மாத்திரை தினமும் போடுறீங்களா?"

"தேவைப்படும்போது போடுறேன்."

மனைவி சட்டென்று திரும்பினார். "தேவைப்படும்போதா? தினமும் காலைல மிஷினைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே?"

முள்ளுக்காரர் பொறுமையாக விளக்கினார். அழுத்தம் ஏறினால்தானே வால்வைத் திறக்க வேண்டும், சரியாக இருக்கும்போது எதற்குத் திறக்க வேண்டும், டாக்டரே உடம்பு பாய்லர் மாதிரி என்று சொன்னாரே. சொல்லச் சொல்ல அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை கூடியது. "நான் பாக்கும்போதெல்லாம் சரியாதாங்க இருந்துச்சு" என்று முடித்தார்.

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி பேசிவிட்டார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என் தம்பியை அன்னிக்கு என்ன கேட்டீங்க? முள்ளுல தெரியும்போது குழாயே போயிருக்கும்னு நீங்கதானே கத்துனீங்க? கூடமே கேட்டுச்சே. இது வால்வு இல்லைங்க. இது பொடி. நல்லா இருக்கும்போதே போடுற பொடி."

முள்ளுக்காரருக்கு அலமாரியில் இருக்கும் குழாய்த் துண்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. சுண்டுவிரல் நுழையாத அந்த ஓட்டை. தன் கண்ணுக்குள் இருக்கிற குழாய் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நினைத்தார். தூசி மாதிரி இருக்கும். டாக்டரம்மாவுக்குப் பொடி என்றால் என்னவென்று தெரியவில்லை. ஆனாலும் எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டம்மா சொல்றது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

"இந்தக் கண்ணு?" என்று இடது கண்ணைக் காட்டிக் கேட்டார் முள்ளுக்காரர்.

"இது இப்ப நல்லா இருக்கு. இதைக் காப்பாத்திக்கறது உங்க கையிலதான் இருக்கு."

மறுநாள் வேலைக்குப் போனதும் பாய்லர் அறைக்குப் போகாமல் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றார். வாழ்க்கையில் இவ்வளவு நேரம் அசையாமல் அவர் நின்றதில்லை. "என் கண்ணு சரியில்ல சார். மீட்டர் நல்ல மீட்டர்தான். நான்தான் கெட்டுப்போயிட்டேன்" என்று சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்தார். தொழிலை விட்டுக்கொடுப்பதைவிட, இத்தனை நாள் மறைத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றதுதான் அவரை அறுத்தது. அவமானமாக இருந்தது. பாய்லர் மச்சினன் பொறுப்புக்குப் போனது. முள்ளுக்காரரை மடிப்பு மேசைக்கு அனுப்பினார்கள்.

மடிப்பு மேசை இஸ்திரிக் கூடத்துக்குள்ளேயே, மனைவியின் உருளைக்கு எதிரே. அங்கே ராணி மாதிரி இருப்பவர் மடிப்புக்கார அக்கா. முள்ளுக்காரரைவிட மூத்தவர், வாய்க்குப் பூட்டே கிடையாது. நான்கு மூலையையும் ஒன்று சேர்த்து விரிப்பைத் தட்டினால் தட்டிய இடத்தில் அது அட்டை மாதிரி நிற்கும். முள்ளுக்காரர் மடித்தால் மூட்டை கட்டின மாதிரி இருக்கும். "பிரஷரைப் பிடிச்ச கையா இது? ஒரு துணியைப் பிடிக்கத் தெரியலையே" என்று அக்கா பிரித்துப் போடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் நெருப்பு கூடுவதும் தணிவதும் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மூலையை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். கை துறுதுறுக்கும். சாயங்காலம் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "பொடி போட்டியாடா?" என்று கேட்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். "நீங்க போட்டீங்களா மாமா?" என்பான் அவன்.

போட்டார். தினமும் போட்டார். தலைகிறுகிறுப்பைச் சொன்னதும் கிளினிக்கில் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள், கிறுகிறுப்பு நின்றது. அவ்வளவு சின்ன விஷயம். கண்ணில் ஊசி போட்ட பிறகு அழுக்கு வெளுத்துச் சாம்பல் நிறமாயிற்று, ஆனால் போகவில்லை. பிரஷர் மிஷினை மனைவி பீரோவின் மேல் ஏற்றி வைத்துவிட்டார். மாத்திரை போட்ட பிறகு வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம் என்பது வீட்டுச் சட்டம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடம்புக்கு முடியாதபோது மாத்திரை போடுவது பெரிய காரியமே இல்லை. ஒரு குறையும் இல்லாத காலையில், தலை தெளிவாக, கால் ஓடத் துடிக்கும்போது, ஒன்றுமில்லாததற்கு ஒன்றை எடுத்து வாயில் போடுவது இருக்கிறதே, முள்ளுக்காரருக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு மல்லுக்கட்டு.

டாக்டர் வருகிற நாள் மறுபடி வந்தது. அன்று காலையில் மனைவி தலை வாரிக்கொண்டிருந்த நேரம் பார்த்து முள்ளுக்காரர் பீரோ மேலிருந்து மிஷினை இறக்கினார். அப்படி ஓர் எண்ணை அவர் பார்த்ததே இல்லை. அவ்வளவு அழகான எண். கையில் மாத்திரை இருந்தது. அதைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். இப்போதே எதற்கு, டீ குடிக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் அறையில் டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். மடிப்புக்கார அக்கா உள்ளே போய்விட்டு, கையில் மாத்திரைப் பையோடு சந்தோஷமாகத் திரும்பிவந்தார்.

"எனக்கும் பிரஷராம்பா. ஆனா டாக்டர் தங்கமான மனுஷன். எவ்வளவு அழகா புரிய வச்சாரு தெரியுமா? ஒடம்புங்கிறது பாய்லர் மாதிரியாம். அழுத்தம் ஏறினா..."

முள்ளுக்காரர் பிடித்திருந்த விரிப்பு தரையில் விழுந்தது. பாய்லர் அறைக்கு ஓடினார். மச்சினன் "என்ன மாமா?" என்று கேட்பதற்குள் அலமாரியிலிருந்து குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பிவந்து, அதை அக்காவின் கையில் திணித்தார்.

"அக்கா, நீங்க எதையும் புரிஞ்சுக்க வேணாம். உங்களுக்குக் கோடி புண்ணியம். காலைல எந்திரிச்சுப் போட்டுருங்க, அவ்வளவுதான். நான் நல்லா புரிஞ்சுக்கிட்டுத்தான் கண்ணைத் தொலைச்சேன். வால்வு கீல்வுன்னு நெனச்சிராதீங்க. இதோ பாருங்க, உள்ள விரலை விட்டுப் பாருங்க. இது பாய்லர்ல இருந்த வரைக்கும் முள்ளு ஒரு நாள்கூட தப்பா காட்டல. நல்லா இருக்கிற அன்னிக்குத்தான் கட்டாயம் போடணும்."

மூச்சு விடாமல் பேசினார். கண் கலங்கிவிட்டது. அக்கா குழாயைப் புரட்டிப் பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார், விரல் நுழையவில்லை. முகத்தில் கேலி மறைந்துபோயிற்று. நிமிர்ந்து சாதாரணமாகக் கேட்டார்.

"சரிப்பா. நீ இன்னிக்குப் போட்டியா?"

முள்ளுக்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. டீ நேரம் எப்போதோ முடிந்திருந்தது. எதிரே உருளைக்குள் விரிப்பை விட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை அப்படியே நின்றது. அக்கா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அத்தனை பேர் முன்னாலும் பைக்குள் ஒட்டியிருந்த நூலோடும் பஞ்சோடும் சேர்த்து அந்த மாத்திரையை அவர் வாயில் போட்டு முழுங்கினார்.

மனைவி அடுத்த விரிப்பை எடுத்து ஓரத்தை நீவி உருளைக்குள் விட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்பார் என்று முள்ளுக்காரருக்குத் தெரியும். கீழே விழுந்த துணியை எடுத்து மூலைகளைத் தேடிக்கொண்டே என்ன பதில் சொல்வது என்று யோசித்தார். எண் நன்றாகத்தான் இருந்தது என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை.